கேளுங்கள், சொல்கிறேன்: ஒட்டுத்துணிக் கோட்டும் பன்றி விற்ற காசும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் எந்நேரமும் டாலி பார்டன் பாட்டுத்தான் கேட்கிறாள். படத்தைப் பார்த்தால் பளபளக்கிற உடை, கோபுரம் மாதிரி பொன்னிற முடி. இவர் குடியானவர் வீட்டுக் கதைகளைப் பாடுகிறவர் என்கிறாள். அப்படியா? நான் எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான் அம்மா. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்மோக்கி மலையடிவாரத்து செவியர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1946 ஜனவரி 19 அன்று பிறந்தவர் டாலி. பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. அப்பா அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுது, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிப் புகையிலை போட்டவர். பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் ஒரு மூட்டை மக்காச்சோள மாவு கொடுத்தார். அந்த மருத்துவர் பெயரிலேயே பின்னாளில் டாலி ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பளபளப்பும் ஊரிலிருந்து வந்ததுதான். சின்ன வயதில், பூசி மினுக்கிக்கொண்டு போகும் ஒரு பெண்ணை ஊரார் வாய்க்கு வந்தபடி பேச, தனக்கு மட்டும் அவள் அழகாகத் தெரிந்தாள் என்று டாலியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டியது 1971-இல் வந்த ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’. யாரோ ஒரு பெட்டி நிறையத் துண்டுத்துணி கொடுக்கிறார்கள். குளிர்காலம் வரப்போகிறது, பிள்ளைக்குக் கோட்டு இல்லை. அம்மா அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கிறாள். தைத்துக்கொண்டே, பைபிளில் வரும் யோசேப்பின் பலவருண அங்கிக் கதையைச் சொல்கிறாள். பிள்ளை அந்தக் கதையையும் சேர்த்து உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. கால்சட்டையில் ஒட்டு, செருப்பில் ஓட்டை, ஆனால் மனசுக்குள் ராஜகுமாரி. வகுப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புரியவில்லை. பாட்டு நிற்பது அந்தப் புரியாமையில்தான். அம்மாவின் அன்பு, ஏழ்மையின் பெருமை என்று தனியாக எதையும் விளக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

பாட்டின் முடிவில், நாமாக நினைத்தால்தான் ஏழை என்பதுபோல ஒரு வரி வரும். தனியாக எடுத்தால் நான் அதை ஏற்க மாட்டேன். வறுமையை யாரும் விரும்பி வாங்கி வருவதில்லை. ஆனால் அதைச் சொல்வது கேலி செய்த பிள்ளைகளிடம் மல்லுக்கு நிற்கும் ஒரு சிறுமி. அவள் வாயிலிருந்து வரும்போது அந்த வரிக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று. 1969-இல் கச்சேரிப் பயணத்தில், பேருந்தில் போகும்போது வரிகள் வந்திருக்கின்றன. எழுதக் கையில் தாள் இல்லை. உடன் பாடிய போர்ட்டர் வேகனரின் உடைகளுக்கான ட்ரை கிளீனிங் ரசீதில் எழுதினார். துணியைப் பற்றிய பாட்டுக்குச் சலவைக்கடைச் சீட்டு! 2011-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தப் பாட்டு சேர்ந்தது.

கேள்வி: வறுமையைப் பாடியே கோடீஸ்வரி ஆனவர் டாலி. சொந்த ஊரில் அவர் பெயரில் கேளிக்கைப் பூங்காவே இருக்கிறதாம். வசதி வந்த பிறகு குடிசையை இனிக்க இனிக்கப் பாடுவது ஊரை விற்பதாகாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள் ஐயா.

ஒன்று ‘மை டென்னசி மவுண்டன் ஹோம்’, 1973-இல் வந்த இசைத்தொகுப்பின் தலைப்புப் பாட்டு. திண்ணையில் நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற கோடை மதியம், வண்டுக்கு நூல் கட்டி விளையாடும் குழந்தைகள். பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி உடனே ஒட்டிக்கொள்ளும். இனிப்புத்தான், மறுக்கவில்லை.

மற்றது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்த ‘இன் த குட் ஓல்ட் டேஸ்’. விடியுமுன் எழுந்து பொழுது சாயும்வரை வயலில் வேலை. விளைந்து நிற்கும் பயிரை ஆலங்கட்டி மழை அடித்துச் சாய்க்க, குடும்பமே நின்று பார்த்து அழுகிறது. அப்பாவின் கை வெடித்து ரத்தம் வடிகிறது. அம்மா நோயில் கிடக்கிறாள், வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லை. சுவர் இடுக்கு வழியாகப் பனி வந்து தரையில் உறைந்திருக்கிறது. அந்த நினைவுகளை எத்தனை பணம் கொடுத்தாலும் விற்க மாட்டேன், எத்தனை பணம் கொடுத்தாலும் அந்த வாழ்வுக்குத் திரும்பவும் மாட்டேன் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். ஊரை விட்டு வந்த யாருக்கும் இது தெரிந்த மனநிலைதான். இதைப் பாடியவரை ஊரை விற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1986-இல் ‘டாலிவுட்’ பூங்காவைத் தன் செவியர் கவுண்டியிலேயே திறந்தார். வேலை அந்த மலைமக்களுக்குக் கிடைத்தது. அவருடைய அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரை மனதில் வைத்து 1995-இல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்: பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை பிள்ளைக்கு மாதம் ஒரு புத்தகம், தபாலில், இலவசமாக. ஒரு கவுண்டியில் தொடங்கியது இன்று கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவரை போயிருக்கிறது. பத்துக் கோடியாவது புத்தகத்தை 2018-இல் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவரைப் ‘புத்தகக்கார அம்மா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா 2000-இல் கண்ணை மூடினார்.

கேள்வி: டாலிக்கு இசை சொல்லிக்கொடுத்த குரு யார்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வீடுதான். அம்மா பழைய கதைப்பாடல்கள் பாடுவார், அம்மாவைப் பெற்ற தாத்தா சபை போதகர். மாமா பில் ஓவன்ஸ் கிட்டார் வாங்கிக் கொடுத்து, வானொலி நிலையத்துக்குக் கூட்டிப் போனார். எழுதப் பழகும் முன்பே டாலி கட்டிய முதல் பாட்டு, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரில் செய்து கொடுத்த பொம்மையைப் பற்றியது. கதிரின் நுனி நாரே பொம்மைக்கு முடி. பிள்ளை பாடப் பாட, அம்மா எழுதி வைத்தாராம்.

கேள்வி: நானும் எங்கள் ஊர், எங்கள் குடும்பம் பற்றிப் பாட்டு எழுதுகிறேன். பச்சை வயல், மண்வாசனை, தாயின் மடி என்றே வருகிறது. நண்பர்கள் ‘எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கு’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, லொரெட்டா லின்னைக் கேளுங்கள். கென்டக்கி மலையில் புட்சர் ஹாலோ என்ற இடத்தில் 1932-இல் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ என்ற அவருடைய பாட்டு 1970-இல் வந்தது. அதில் மண்வாசனையை எங்கே தேடுவீர்கள்? சுரங்கத்தின் பெயர் வேன் லியர். அப்பா இரவெல்லாம் அதற்குள், பகலில் சோளக்காட்டில் களைக்கொத்தோடு. அம்மா துணி தேய்க்கும் பலகையில் விரல் ரத்தம் கசியத் தேய்க்கிறாள். கோடையில் பிள்ளைகளுக்குச் செருப்பு கிடையாது, குளிர்காலத்தில் தபாலில் புதுச்செருப்பு வரும். அதற்குக் காசு? பன்றி விற்ற காசு.

அந்தப் பன்றியைப் பாருங்கள். ‘நாங்கள் ஏழைகள்’ என்று எழுதியிருந்தால் எந்த ஊருக்கும் பொருந்தியிருக்கும், எந்த ஊரும் கண்ணில் தெரிந்திருக்காது. பன்றி விற்ற காசில் செருப்பு என்றதும் வீட்டு வரவு செலவே தெரிந்துவிடுகிறது. லொரெட்டா முதலில் எழுதியபோது இன்னும் பல சரணங்கள் இருந்தன. நீளம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வெட்டச் சொன்னார். வெட்டிய வரிகளை நினைத்து லொரெட்டாவுக்குப் பின்னாளில் வருத்தம் இருந்தது. ஆனாலும் மிஞ்சியதில் பன்றி இருந்தது, செருப்பு இருந்தது, அம்மாவின் விரல் இருந்தது.

உங்கள் பாட்டில் ‘பச்சை வயல்’ வரும் இடத்தில், அந்த வயல் யாருடையது, அந்த வருஷம் அதில் என்ன போட்டிருந்தீர்கள், அறுத்த பணம் எந்தக் கடனுக்குப் போனது என்று எழுதிப் பாருங்கள். ‘தாயின் மடி’யை எடுத்துவிட்டு, உங்கள் அம்மா சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று எழுதுங்கள். மெட்டுக்கு இடிக்கும். இடிக்கட்டும், மெட்டை நகர்த்துங்கள். முதல் வரைவை அம்மாவிடமே பாடிக் காட்டுங்கள். ‘அது அந்த வருஷம் இல்லடா, அடுத்த வருஷம்’ என்று அவர் திருத்தினால், சரியான பாதையில் போகிறீர்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.