பாட்டி காதில் விழுந்த குறட்டை

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிற்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் கோளாறு) என்று சொல்லி மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூளையில் உண்டாகும் அழற்சிதான் காரணம் என்று படித்ததால் அதை நிறுத்திவிட்டு, பால், கோதுமை, சர்க்கரை மூன்றையும் விலக்கினேன். மஞ்சள் கேப்ஸ்யூலும் மீன் எண்ணெயும் கொடுக்கிறேன். இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை. வருடம் முழுக்க மூக்கடைப்பு. அதற்கு தினமும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை. இதற்கு நடுவில் மாமியார் வேறு, 'பையன் ராத்திரியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறான்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் எந்த உணவை நிறுத்தலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: எதையும் நிறுத்த வேண்டாம். மாமியார் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் எழுதியதில் உருப்படியான தகவல் அவர் சொன்னது ஒன்றுதான். அதைப் போய் 'இதற்கு நடுவில்' என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அழற்சியைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: ஆஸ்துமா, கரப்பான் என்னும் தோல் அழற்சி, மூக்கு அலர்ஜி உள்ள பிள்ளைகளிடம் ஏ.டி.ஹெச்.டி. கூடுதலாகக் காணப்படுகிறது. சில ஆய்வுகளில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் சற்றுக் கூடியிருந்தன, சிலவற்றில் இல்லை. எது காரணம், எது விளைவு என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே சொற்பம். மீன் எண்ணெயால் கிடைக்கும் பலன் மிகச் சிறியது, மாத்திரைக்குப் பதிலாக நிற்காது. வளரும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தினால் கால்சியத்துக்கு எங்கே போவீர்கள்? விலக்கத்தான் வேண்டுமென்றால் கலர் மிட்டாயையும் கலர் பானத்தையும் விலக்குங்கள். செயற்கை நிறங்களும், கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சில பிள்ளைகளின் துறுதுறுப்பைக் கூட்டியதை 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வு காட்டியது.

உங்கள் பையனிடம் கண்ணுக்கு எட்டும் அழற்சி மூக்கில் இருக்கிறது. மூக்கின் உட்தோல் வீங்கி, பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெருத்திருந்தால் ராத்திரி மூச்சு தடைபடும், தூக்கம் துண்டு துண்டாக உடையும். தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார்; பிள்ளையோ ஓடும், கத்தும், பாடத்தில் நிற்காது. இந்த வயதில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும்.

மாமியாரிடம் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை ராத்திரி குறட்டை? மூன்றும் அதற்கு மேலும் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறானா? தலையணை வியர்வையில் நனைகிறதா? கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறானா? படுக்கையில் சிறுநீர் போகிறானா? சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு தெரியும்படி மூன்று ராத்திரி ஐந்தைந்து நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள்.

டாக்டர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்தால் பல வீடுகளில் அதைத் தப்பாகவே அடிக்கிறார்கள். தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை நோக்கி அடித்தால் ரத்தம் வரலாம். மூக்கைச் சிந்தி, தலையை லேசாகக் குனிய வைத்து, வலது துவாரத்துக்கு அவன் இடது கையாலும் இடது துவாரத்துக்கு அவன் வலது கையாலும், அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்த்தாற்போல் அடிக்கச் சொல்லுங்கள். அவன் பலமாக உறிஞ்சக் கூடாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். மூன்றாம் நாளே 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடாதீர்கள். அவன் படுக்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் இன்றோடு நிற்கட்டும்.

அடினாய்டை எடுத்தால் எல்லாம் தீரும் என்றும் கிளம்பிவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்ட 464 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. டான்சிலையும் அடினாய்டையும் எடுத்த பிள்ளைகளுக்குத் தூக்கமும், வீட்டில் பார்ப்பவர்கள் சொன்ன நடத்தையும் மேம்பட்டன. கவனத்தை அளந்த தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே மீத்தைல்ஃபெனிடேட் எழுதியவரிடமும் போக வேண்டும். கேட்காமல் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அளவில் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

மான்டெலுகாஸ்ட் விஷயம் இந்த வாரமே பேச வேண்டியது. அது சிலருக்கு எரிச்சல், கெட்ட கனவு, தூக்கக் கோளாறு, தற்கொலை எண்ணம்வரை கொண்டுவரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. அவனுடைய துள்ளலும் கோபமும் இந்த மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பிறகு கூடியதா? தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.

கடிதத்தில் பையனின் அப்பா ஒரு வரியில்கூட இல்லை. பிள்ளை இருவருக்கும் பொது, கண் விழிப்பதும் அப்படித்தான். இனி ஒரு வாரம் அவன் பக்கத்தில் அவர் படுக்கட்டும், வீடியோவும் அவரே எடுக்கட்டும். டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். இத்தனை நாள் ராத்திரியில் நடந்ததைச் சொல்ல அந்த வீட்டில் அவர் ஒருவரால்தான் முடியும்.