டிஎஃப் ‘டிஸ்க் ஃபுல்’ என்கிறது, டியூ பாதிகூடக் காட்டவில்லை: எதை நம்புவது?

கேள்வி: உபுண்டு சர்வரில் 40 ஜிபி டிஸ்க். டிஎஃப் போட்டால் 38 ஜிபி பயன்பாட்டில், மிச்சம் 0, 100% என்கிறது. டியூ போட்டுப் பார்த்தால் மொத்தமே 17 ஜிபிதான் வருகிறது. பாக்கி எங்கே போனது? இரண்டில் எது சரி? என்சிடியூ என்ற கருவியைப் போட்டால் கண்டுபிடித்துவிடலாமா?

இரண்டுமே சரி. இரண்டும் பதில் சொல்கிற கேள்விதான் வேறு. உங்களுக்கு வேண்டிய துப்பு அந்த 21 ஜிபி வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘எந்த ஃபோல்டர் பெரிசு’ என்று தேடிக்கொண்டிருந்தால் ராத்திரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

(கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.)

டிஎஃப் எந்த ஃபைலையும் திறந்து பார்ப்பதில்லை. ஃபைல் சிஸ்டம் டிஸ்க்கைப் பிளாக் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்து, தன் கணக்கில் ‘இத்தனை பிளாக் மொத்தம், இத்தனை காலி’ என்று எப்போதும் எழுதி வைத்திருக்கும். அதை அப்படியே வாங்கிக் காட்டுவதுதான் டிஎஃப்பின் வேலை. அதனால்தான் எவ்வளவு பெரிய டிஸ்க் என்றாலும் என்டர் தட்டிய உடனே பதில் வந்துவிடுகிறது. டியூ நேர்மாறு. நீங்கள் சொன்ன ஃபோல்டரில் தொடங்கி ஒவ்வொரு கிளையாக இறங்கி, கண்ணில் பட்ட ஒவ்வொரு ஃபைலையும் ‘நீ எத்தனை பிளாக்?’ என்று கேட்டுக் கூட்டும். ஒன்று குடோன் கணக்குப்பிள்ளையின் இருப்புப் புத்தகம், மற்றது உள்ளே போய் மூட்டைகளை எண்ணி வருகிற ஆள். பெயர் இல்லாத மூட்டையும், போக முடியாத அறையில் இருக்கிற மூட்டையும் அந்த ஆளின் எண்ணிக்கையில் வராது. புத்தகத்தில் இருக்கும்.

1971-ல் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இந்த இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒன்றை மற்றது விழுங்கிவிடாமல் இரண்டும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம், இரண்டுக்கும் வேலை வேறு என்பதுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 40-ல் 38 போனால் 2 மிஞ்ச வேண்டும், ஆனால் மிச்சம் 0 என்கிறதே? அது இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தின் வழக்கம். மொத்தத்தில் 5 சதவீதத்தை ரூட் யூசருக்கென்று (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) ஒதுக்கி வைத்துவிடும். 40 ஜிபியில் அது 2 ஜிபி. டிஸ்க் நிறைந்து மற்ற எல்லாரும் எழுத முடியாமல் நிற்கும்போதும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய அந்த இடம் வேண்டும். டேட்டாவுக்கு மட்டும் வைத்திருக்கிற 4 டிபி டிஸ்க்கில் இந்த 5% என்பது 200 ஜிபி, அங்கே ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 என்று குறைத்துக்கொள்வது நியாயம். ரூட் டிஸ்க்கில் அதில் கை வைக்காதீர்கள்.

இப்போது 21 ஜிபிக்கு வருவோம்.

டியூவை சுடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தோடு, ஓட்டினீர்களா? சாதாரண யூசராக ஓட்டினால் அனுமதி இல்லாத ஃபோல்டரை எல்லாம் அது தாண்டிப் போய்விடும். தாண்டும்போது ‘பெர்மிஷன் டினைட்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி முணுமுணுக்கும். ஆனால் இணையத்தில் சுற்றுகிற பாதிக் கட்டளைகளின் வாலில் 2>/டெவ்/நல் ஒட்டியிருக்கிறது, அது அந்த முணுமுணுப்பையும் வாயடைத்துவிடும். திரை சுத்தமாக இருக்கும், கணக்கு தப்பாக இருக்கும். எனக்கு அந்த வாலைக் கண்டாலே ஆகாது. இப்படி ஓட்டுங்கள்:

சுடோ டியூ -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -ஹெச்

-எக்ஸ் என்பது முக்கியம். அது இருந்தால்தான் டியூ ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நிற்கும். இல்லையென்றால் மவுண்ட் ஆகியிருக்கிற, அதாவது ஏதோ ஒரு ஃபோல்டரில் இணைத்திருக்கிற, வேறு டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக் குழப்பிவிடும். சார்ட் -ஹெச், ‘900 எம்’மை ‘2 ஜி’க்கு முன்னால் வைக்கத் தெரிந்தது, எனவே பெரியது எல்லாம் அடியில் வந்து நிற்கும். அதிலிருந்து ஒரு ஃபோல்டருக்குள் இறங்கி, மறுபடி அதே கட்டளை, மறுபடி இறங்கு. பலர் டியூ -எஸ்ஹெச் * என்று போடுவார்கள். நட்சத்திரம் புள்ளியில் தொடங்கும் பெயர்களைப் பிடிக்காது என்பதால் .கேஷ் மாதிரி ஃபோல்டர்கள் கண்ணில் படாமலே போய்விடும். ஹோம் ஃபோல்டரில் பெருந்தீனிக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் புள்ளிக்காரர்கள்தான்.

சுடோவோடு ஓட்டியும் 17 ஜிபிதான் என்றால், என் பந்தயம் அடுத்து சொல்லப் போவதன் மேல்.

லினக்ஸில் ஆர்எம் என்பது ஃபைலை அழிப்பதில்லை. ஃபோல்டரில் இருக்கும் பெயரைத்தான் கிழிக்கிறது. ஃபைலின் உண்மையான அடையாளம் ஐநோடு. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை, அதை எந்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோகிராம்) திறந்து வைத்திருக்கவும் இல்லை என்கிற இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பிளாக்குகள் காலியாகும். ஒரு ஜாவா ஆப் நாள் முழுக்க லாக் எழுதிக்கொண்டிருக்கிறது, ஃபைல் 20 ஜிபி ஆகிவிட்டது, யாரோ பதறிப்போய் ஆர்எம் அடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். எல்எஸ்ஸில் ஃபைல் இல்லை, டியூவிலும் இல்லை. ஆனால் ஆப் அதே ஃபைலில் இன்னமும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. இடம் திரும்பி வராதது மட்டுமில்லை, பெயரே இல்லாத ஒன்று வளர்ந்துகொண்டும் போகிறது. ‘ரீபூட் பண்ணினா சரியாயிடுது சார்’ என்று எல்லா ஆபீஸிலும் ஒரு கைவைத்தியம் உண்டே, அது பலிப்பதன் ரகசியம் இதுதான்.

ரீபூட் தேவையில்லை. இதைப் போடுங்கள், இதில் கூட்டல் குறிக்கு அடுத்து வரும் எல் மட்டும் பெரிய எழுத்து:

சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

பெயர் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போய்விட்ட, ஆனால் இன்னும் திறந்திருக்கிற ஃபைல்களை மட்டும் இது காட்டும். நிறைய வரிகள் வரலாம், பெரும்பாலும் குட்டிகள். அளவு நிரலில் நீளமான எண்ணைத் தேடுங்கள். இப்படி ஒரு வரி சிக்கும்:

ஜாவா 2214 7டபிள்யூ 21474836480 0 /வார்/லாக்/ஆப்/ஆப்.லாக் டிலீட்டட்

(நடுவில் இருக்கிற சில நிரல்களை விட்டுவிட்டேன்.) 2214 ப்ராசஸ் எண். 7 அது பிடித்து வைத்திருக்கிற ஃபைலின் கைப்பிடி எண், டபிள்யூ என்றால் எழுதத் திறந்திருக்கிறது. அடுத்தது பைட்டில் அளவு, மூன்று முறை 1024-ஆல் வகுத்தால் சரியாக 20 ஜிபி. பூஜ்யம் என்பது, அதைச் சுட்டும் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதற்கு.

நல்ல வழி, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. அடுத்த நொடியே டிஎஃப்பில் எண் இறங்குவதைப் பார்க்கலாம். பகல் நேரத்தில் ஆப்பை நிறுத்த முடியாது என்றால், ரூட்டாக ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/2214/எஃப்டி/7 என்று போட்டால் ஃபைல் திறந்திருக்கும்போதே உள்ளே இருப்பது காலியாகிவிடும். லாக் ஃபைலுக்கு மட்டும்தான் இந்த வித்தை. டேட்டாபேஸ் ஃபைலில் செய்துவிட்டு வந்து கேட்காதீர்கள். இன்னொன்று: அந்த ஆப் லாக்கை அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் கடைசியில் சேர்ப்பது) திறக்காமல் இருந்தால், காலி செய்த பிறகும் தான் விட்ட இடமான 20 ஜிபி தூரத்திலிருந்தே எழுதத் தொடங்கும். அப்போது எல்எஸ்ஓஎஃப் மறுபடியும் 20 ஜிபி என்று பயமுறுத்தும், டிஎஃப்பில் இடம் திரும்பி வந்திருக்கும். நடுவில் இருப்பது வெறும் ஓட்டை, டிஸ்க்கில் இடம் பிடிக்காது. அங்கே டிஎஃப்பைத்தான் நம்ப வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கி வைக்கிற லாக்ரொட்டேட்டை ஒழுங்காக அமைப்பது. ரொட்டேட் ஆனதும் ஆப்புக்கு சிக்னல் அனுப்பிப் புது ஃபைலைத் திறக்கச் சொல்வது முறையானது. அதற்கு இடம் கொடுக்காத ஆப் என்றால், லாக்கைக் காப்பி எடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட், ஆனால் காப்பி எடுப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவில் சில வரிகள் தவறிப்போக வாய்ப்பு உண்டு.

எல்எஸ்ஓஎஃப்பில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை என்றால் மவுண்ட்டுக்கு அடியில் பாருங்கள். /பேக்கப் என்ற ஃபோல்டரில் தனி டிஸ்க்கை மவுண்ட் செய்திருப்பீர்கள். ஒருநாள் ராத்திரி அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்திருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடுகிற க்ரானுக்கு அதெல்லாம் தெரியாது, அது தன் பாட்டுக்கு ரூட் டிஸ்க்கில் இருக்கிற வெறும் ஃபோல்டரில் பேக்கப்பைக் கொட்டியிருக்கும். காலையில் டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் கொட்டியது அத்தனையும் அதற்கு அடியில் மறைந்துவிடும். டியூவால் அங்கே போக முடியாது. மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி என்று ரூட்டை இன்னொரு வாசல் வழியாகத் திறந்து, டியூ -எஸ்ஹெச் /எம்என்டி/பேக்கப் என்று பார்த்தால் பூதம் வெளியே வரும். பைண்ட் செய்தால் மேலே உட்கார்ந்திருக்கும் மவுண்டுகள் கூட வராது, அதுதான் சூட்சுமம்.

உங்கள் கேஸ் இல்லை, ஆனால் பக்கத்திலேயே இருப்பது: இடம் நிறைய இருக்கிறது, ஆனாலும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வருகிறது. அப்போது ஐநோடு கணக்கைக் காட்டும் டிஎஃப் -ஐ போட்டுப் பாருங்கள். இஎக்ஸ்டி4 ஃபார்மட் ஆகும்போதே ஐநோடு எண்ணிக்கையை முடிவு செய்துவிடும், பொதுவாக 16 கேபிக்கு ஒன்று. 40 ஜிபிக்கு ஏறத்தாழ 26 லட்சம். பிஹெச்பி செஷன் ஃபைல்கள் மாதிரி பொடிப்பொடியாக லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் தீருவதற்கு முன் ஐநோடு தீர்ந்துவிடும். டியூ --ஐநோட்ஸ் எந்த ஃபோல்டர் என்று காட்டிக்கொடுக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடு தேவைக்கேற்ப உருவாவதால் இந்தத் தொல்லை அபூர்வம்.

டிஎஃப் வெளியீட்டில் /டெவ்/லூப் என்று வரிசையாக 100% நிற்பதைப் பார்த்தும் சிலர் பதறுகிறார்கள். அவை ஸ்னாப் பேக்கேஜ்கள். படிக்க மட்டுமே முடிந்த, இறுக்கிக் கட்டிய பொட்டலங்கள் என்பதால் எப்போதும் 100%தான். டிஎஃப் -ஹெச் -எக்ஸ் ஸ்குவாஷ்எஃப்எஸ் -எக்ஸ் டிஎம்பிஎஃப்எஸ் என்று போட்டால் உருப்படியான வரிகள் மட்டும் நிற்கும்.

-ஹெச் போடாமல் ஓட்டினால் எண்கள் 1024 பைட் கணக்கில் வரும், மேக்கில் 512. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரநிலை 512 என்றுதான் சொல்கிறது. குனூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அது பிடிக்காமல் குனூ கருவிகளில் 1024 ஆக்கிவிட்டு, தரப்படிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வைத்தார்கள். இப்போது அதன் பெயர் போசிக்ஸ்லி கரெக்ட். முதலில் வைத்த பெயர் போசிக்ஸ் மீ ஹார்டர். கோபம் தெரிகிறதல்லவா?

எது பெரிசு என்று தெரிந்த பிறகு அழிக்கிற முறை தனி. /வார்/லாக்/ஜர்னல் என்றால் கையால் அழிக்காமல் ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம் (இந்த எம் பெரிய எழுத்து). இயல்பாகவே அது ஃபைல் சிஸ்டத்தில் 10%, அதிகபட்சம் 4 ஜிபி வரைதான் வளரும், ஆகவே உங்கள் 21 ஜிபிக்கு அது காரணமாக இருக்காது. /வார்/கேஷ்/ஏபிடி என்றால் ஏபிடி க்ளீன். /வார்/லிப்/டாக்கர் என்றால் முதலில் டாக்கர் சிஸ்டம் டிஎஃப் போட்டு இமேஜா, வால்யூமா, பில்ட் கேஷா என்று பாருங்கள், பிறகு வேண்டாததைக் கழிக்கிற ப்ரூன். ஓவர்லே2 ஃபோல்டருக்குள் புகுந்து ஆர்எம் அடித்தால் டாக்கரின் கணக்கே கலைந்துவிடும். மைஎஸ்க்யூஎல் பின்லாக் சேர்ந்திருந்தால் பர்ஜ் பைனரி லாக்ஸ் என்று உள்ளிருந்தே கழிக்க வேண்டும். 8.0-வில் அவை இயல்பாக 30 நாள் தங்கும், அந்த நாளைக் குறைத்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

கடைசியாக, என்சிடியூ. உங்கள் 21 ஜிபியை அது கண்டுபிடிக்காது. அதுவும் டியூ மாதிரியே ஃபைல் ஃபைலாக நடந்து எண்ணுகிற ஜாதிதான், டியூவுக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. தவிர, 100% நிறைந்த டிஸ்க்கில் அதை இன்ஸ்டால் செய்யப் போனால் ஏபிடியே இடமில்லை என்று பாதியில் நின்றுவிடலாம். ஆனால் இந்தச் சிக்கல் தீர்ந்ததும் கட்டாயம் போட்டு வையுங்கள். அம்புக்குறி விசையாலேயே ஏறி இறங்கிப் பார்ப்பது, டியூவைத் திரும்பத் திரும்பத் தட்டுவதைவிட எவ்வளவோ சுகம். என்சிடியூ -எக்ஸ் / என்று ரூட்டாக ஓட்டும்போது -ஆர் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், டி விசை அழிக்கும் விசை.