கோழிக் கொட்டகைத் தூசியும் பூஞ்சை நச்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரு வாரக் குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சு வாங்குகின்றன, சத்தம் இல்லை. சளி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

கூளம் (தரையில் விரிக்கும் உமி, மரத்தூள் போன்றவை) எது, எப்போது விரித்தது, ஈரமாக இருந்ததா என்ற மூன்றையும் எழுதாமல் மருந்தை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? சத்தமில்லாத மூச்சுத்திணறல் இந்த வயதில் வந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இறந்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தினையளவு முடிச்சுகள் இருந்தால் ஐயம் பெரும்பாலும் உறுதி. பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது. கூளத்தை மாற்றுங்கள், பொரிப்பகத்திலும் விசாரியுங்கள், ஏனெனில் பூஞ்சை பிடித்த ஒரு முட்டை உடைந்தாலே அந்தத் தட்டு முழுவதும் வித்துகள் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்) பரவிவிடும்.

கேள்வி: கூளத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம்?

ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம். கைப்பிடியில் அழுத்தித் திறந்தால் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். சிறிதும் ஒட்டாமல் உதிர்ந்து தூசி எழுந்தால் குறைவு. லேசாகச் சேர்ந்து உடைந்தால் சரி.

கேள்வி: பழைய கூளத்தை அள்ளும் நாளில் இரவு காய்ச்சலும் உடல்வலியும் வருகின்றன, மறுநாள் சரியாகிவிடுகிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் அள்ளுகிறேன்.

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கைக்குட்டை மட்டும் ஒழியவில்லை. உங்களுக்கு வருவது தூசிக் காய்ச்சல்: பூஞ்சை வித்துகளும், பாக்டீரியாக்களின் உடைந்த உறைகளிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சும் நுரையீரலில் மொத்தமாக இறங்கும்போது, நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து உடல் காட்டும் எதிர்ப்பு அது. மறுநாள் தணிந்துவிடுவதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இதே தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை முற்றி, நுரையீரல் திசுவே தழும்பாகி, மாடி ஏறவே மூச்சு போதாமல் போவதும் உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. துணியின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாக நுழையும். நுண்தூசியை வடிகட்டும் என்95 முகக்கவசம் அணியுங்கள். வேலை முடிந்து கழற்றியதும் அதன் உட்புறத்தையும் உங்கள் மூக்கோரத்தையும் பாருங்கள். அங்கே சாம்பல் நிறக் கோடு இருந்தால் காற்று வடிகட்டி வழியாக வராமல் பக்கவாட்டில் கசிந்திருக்கிறது என்று பொருள். தாடி இருந்தாலும் கசியும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுவை என்95 தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

முகக்கவசத்தைவிட முக்கியமானது இது: காய்ந்த கூளத்தை அப்படியே பெருக்காதீர்கள். ஈரத்தில் வளர்ந்த பூஞ்சைதான் காய்ந்தபின் பறக்கிறது. பக்கவாட்டுத் திரைகளைத் திறந்துவிட்டு, மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளித்து, தெளித்த பகுதியை அன்றே அள்ளிவிடுங்கள்.

கேள்வி: பூசணம் பிடித்த சோளத்தை வெயிலில் காயவைத்து, நல்ல சோளத்துடன் கலந்து அரைக்கலாமா?

கூடாது. வெயில் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தலாம். அது ஏற்கெனவே சுரந்துவிட்ட அஃப்லடாக்சின் என்ற நச்சு பெருமளவு அங்கேயே இருக்கும், சமையல் வெப்பத்துக்கும் எளிதில் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கினால்தான். இந்த நச்சே அதன் பிறகுதான் கண்டறியப்பட்டது. கலந்து அரைத்தால் நச்சு எல்லாத் தீவனத்திலும் பரவும், அரைப்பவர் சுவாசிக்கும் மாவுத்தூசியிலும் ஏறும். அஃப்லடாக்சின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட ஒன்று. சோளத்தைச் சேமிக்கும்போதே ஈரத்தை 13 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

கேள்வி: கூளத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் போதுமா?

போதாது, ஆபத்தும்கூட. எச்சமும் கூளமும் குளோரினை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். அம்மோனியாவுடன் அது சேர்ந்தால் நுரையீரலை எரிக்கும் வாயு கிளம்பும். செத்த வித்தும் ஒவ்வாமை தரும். முதலில் கூளத்தை அகற்றுங்கள், தரையைக் கழுவுங்கள், பிறகு கிருமிநாசினி.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. முகக்கவசத்துடன் கூளம் அள்ளலாமா?

வேண்டாம். அள்ளும் நாளில் கொட்டகைக்குள்ளேயே போகாதீர்கள்.