ராஜினாமா கடிதத்தில் அந்த ஒரு வரி

கேள்வி: தபால் துறையில் அஞ்சல் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. இப்போது மத்திய பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு மூலம் வருமான வரித் துறையில் டேக்ஸ் அசிஸ்டென்ட் வேலை கிடைத்திருக்கிறது. விண்ணப்பித்தபோது அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தேன், தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கவில்லை. “சொந்தக் காரணம்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு தம்பி, இல்லாட்டி ஃபைல் நகரவே நகராது” என்கிறார் கூட வேலை பார்க்கும் அண்ணன். அப்படிச் செய்யலாமா? என் மூன்று வருட சர்வீஸ் என்ன ஆகும்?

பதில்: அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஏற்பு ஆணை வருவதற்குள் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். “சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதினால் அது வெறும் ராஜினாமா. மூன்று வருடமும் அதோடு போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது டெக்னிக்கல் ரெசிக்னேஷன். முறைப்படி விண்ணப்பித்து அரசின் வேறொரு பதவிக்குத் தேர்வானவர், அங்கே சேர்வதற்காகப் பழைய பதவியை விடுவது வெறும் சம்பிரதாயம்தான் என்று நிதி அமைச்சகம் 1965-லேயே சொல்லிவிட்டது. மத்திய பணியாளர் துறை இது தொடர்பான உத்தரவுகளையெல்லாம் தொகுத்து 17.8.2016 அன்று ஒரே சுற்றறிக்கையாக வெளியிட்டது. நிர்வாகப் பிரிவில் அதைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நிபந்தனைகள் பூர்த்தியாகியிருந்தால், கடிதத்தில் “டெக்னிக்கல்” என்ற சொல் இல்லாவிட்டாலும் அப்படியே கருத வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை நீங்களே எழுதிவிடுங்கள். பின்னால் வாதாடிக்கொண்டிருப்பதைவிட முன்னால் ஒரு வரி எழுதுவது எளிது.

என்ன நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மத்திய அரசின் சம்பள அட்டவணையில் உங்கள் பதவி லெவல் 4; புதிய பதவியும் லெவல் 4. தொடக்க அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாய். மூன்று இன்கிரிமெண்ட் வாங்கியிருந்தால் 26,300, 27,100 என்று ஏறி இப்போது 27,900-ல் இருப்பீர்கள். டெக்னிக்கல் ரெசிக்னேஷன் என்றால் இந்தத் தொகைக்குப் பாதுகாப்பு உண்டு. சொந்தக் காரணம் என்றால் மறுபடியும் 25,500. மாதம் 2,400 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. அடுத்த இன்கிரிமெண்டும் குறைந்த தொகையிலிருந்துதான் கணக்காகும். ஓய்வு பெறும்வரை அந்த இடைவெளி கூடவே வரும். கடைசி இன்கிரிமெண்டுக்குப் பிறகு நீங்கள் வேலை பார்த்த மாதங்கள்கூட அடுத்த இன்கிரிமெண்டுக்குச் சேரும் என்பதால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

சம்பளம் மட்டுமில்லை. சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பும் அரைச் சம்பள விடுப்பும் உங்களோடு வரும். விடுமுறைப் பயணச் சலுகைக்கான (எல்.டி.சி.) தகுதியும் வரும். தேசிய ஓய்வூதியத் திட்ட (என்.பி.எஸ்.) கணக்கு அதே பிரான் எண்ணில், அதாவது உங்கள் நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண்ணில், தொடரும். புது அலுவலகத்தில் படிவம் நீட்டினார்கள் என்று இன்னொரு பிரான் வாங்கிவிடாதீர்கள். பலர் கேட்க மறக்கும் ஒன்று எம்.ஏ.சி.பி. என்ற திட்டம். பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 வருடங்களில் வரும் நிதி மேம்பாட்டுக்கு, அதே லெவலில் வேறு மத்திய அரசுத் துறையில் இடைவெளியில்லாமல் பார்த்த சர்வீஸ் சேரும். உங்கள் மூன்று வருடமும் அதில் அடங்கும். பணிமூப்பு மட்டும் வராது. புதிய துறையில் உங்கள் பேட்ச்சோடு நீங்களும் புதியவர்தான். பதவி உயர்வுக்கு முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

இனி காகித வேலை. விண்ணப்பித்தபோது கொடுத்த தகவல் கடிதத்தின் நகல் இருக்கிறதா? அலுவலகத்தில் கடிதம் வாங்கும் பிரிவின் முத்திரையும் தேதியும் விழுந்த நகலாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை இணைத்து இன்றே என்.ஓ.சி. கேளுங்கள். நகல் இல்லையென்றால் அலுவலகத்தின் வரவுப் பதிவேட்டில் அந்தத் தேதிப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். பணி நியமனக் கடிதம் வந்ததும் ராஜினாமாவில் இந்தப் பொருள்படும்படி எழுதுங்கள் (லியன் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன்):

“இன்ன தேதியில் தங்களுக்குத் தகவல் தெரிவித்து விண்ணப்பித்த தேர்வின் மூலம் வருமான வரித் துறையில் டேக்ஸ் அசிஸ்டென்டாகத் தேர்வாகியுள்ளேன். அப்பணியில் சேரும் பொருட்டு மட்டுமே இந்த டெக்னிக்கல் ரெசிக்னேஷனைச் சமர்ப்பிக்கிறேன். முந்தைய பணிக்காலப் பலன்களைத் தொடரவும், இப்பதவியில் எனக்குள்ள லியனைத் தக்கவைக்கவும் வேண்டுகிறேன்.”

வேலையில் சேருவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தவர்களுக்கும் இந்தப் பலன் உண்டு. சேர்ந்த உடனே அந்த விண்ணப்பத்தைப் பற்றி அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ராஜினாமாவில் அதைக் குறிப்பிட்டுக் கேட்கவும் வேண்டும். நான் நிர்வாகப் பிரிவில் இருந்தபோது ஒரு பையன் இந்த இடத்தில்தான் கோட்டைவிட்டான். எல்லாரிடமும் வாயால் சொல்லியிருந்தான், காகிதத்தில் ஒரு வரி இல்லை. அவனுடைய பணிப்பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

லியன் என்பது பழைய பதவிக்குத் திரும்பி வரும் உரிமை. தகுதிகாண் பருவம் முடிந்து பணி உறுதி ஆணை வந்தவர்களுக்குத்தான் அது உண்டு. மூன்று வருடம் முடித்தும் அந்த ஆணை கைக்கு வராதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கிறதா என்று பணிப்பதிவேட்டில் பாருங்கள். இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். லியன் இரண்டு வருடம் இருக்கும். மூன்றாவது வருடம் அரிதாகத்தான் தருவார்கள். புது இடம் ஒத்துவராமல் திரும்பினால் பழைய பணிமூப்பும் இடைப்பட்ட இன்கிரிமெண்டும் கிடைக்கும். வெளியே இருந்த காலம் பதவி உயர்வுத் தகுதிக்கு மட்டும் சேராது.

கடைசியாக விடுவிப்பு ஆணை. “ராஜினாமா ஏற்கப்பட்டது” என்று மொட்டையாக இருந்தால் வாங்கிக்கொண்டு நடக்காதீர்கள். டெக்னிக்கல் ரெசிக்னேஷன் என்பதும், எந்தத் துறையில் சேர விடுவிக்கப்படுகிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். கடைசிச் சம்பளச் சான்று (எல்.பி.சி.), விடுப்புக் கணக்கு, நிலுவையில்லாச் சான்று மூன்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாற வேண்டியிருந்தால் 1,000 கிலோமீட்டர் வரை பத்து நாள் சேரும் கால அவகாசம் உண்டு, அதுவும் பணிக்காலமே. வீடு மாற்றத் தேவையில்லாத மாறுதல் என்றால் ஒரே நாள்தான்; அதைத் தாண்டி ஓய்வெடுக்க நினைத்து இடைவெளி விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அண்ணன் பயப்படுவதுபோல ஃபைல் தாமதமாகலாம். அப்படியானால் வருமான வரித் துறைக்கு எழுதிச் சேரும் தேதியை நீட்டிக்கக் கேளுங்கள். நியமனக் கடிதத்தில் உள்ள கெடு முடிவதற்கு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.