சும்மா வரைந்து தந்த படம் யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி – சட்டம்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலை வைத்து கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்துவருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஸ்டேஷன், பாலம், நீராவி எஞ்சின் எல்லாம் வரைந்த நண்பர் மனக்கசப்பில் விலகிவிட்டார். "என் படங்களை எடுத்துவிடுங்கள்" என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: படங்கள் அவருடையவைதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குப் போகும். உங்களிடம் முதலாளியும் இல்லை, சம்பளமும் இல்லை. "வாயால் அனுமதி தந்தாரே" என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி ஸ்டீம் என்ற இணைய கேம் கடையிலோ ப்ளே ஸ்டோரிலோ ஏற்றாதீர்கள். ஏற்றும்போதே "எல்லாவற்றுக்கும் எனக்கு உரிமை இருக்கிறது" என்று உறுதி கொடுத்துவிடுகிறீர்கள். அவர் ஒரு புகார் அனுப்பினால் கேமை இறக்கிவிடுவார்கள்.

முதலில் அவர் கைபட்ட கோப்புகளைப் பட்டியல் போடுங்கள்: கோப்பின் பெயர், தேதி, அவர் மட்டும் வரைந்ததா, வேறு யாரும் திருத்தியதா. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் பதிவிலேயே இவை கிடைக்கும். அந்தப் பட்டியலோடு நேரில் போய் ஒரு பக்க உரிமம், அதாவது படங்களைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி, கேளுங்கள். பல குழுக்களில் கோபம் படத்தின் மேல் இருக்காது. பெயர் போடாததன் மேல் இருக்கும். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும்கூட, படைத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமை 57-வது பிரிவுப்படி அவரிடமே இருக்கிறது.

மறுத்துவிட்டால் புதிதாக வரைய வேண்டியதுதான். பழைய படத்தின் மேல் டிரேஸ் எடுத்து நிறம் மாற்றினால் அது புதிய படம் ஆகாது. கல்லாரிலிருந்து குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதை யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அவர் அதை வரைந்த விதம்தான் அவருடையது. எனவே வரையப்போகிறவரிடம் பழைய படத்தைக் காட்டாமல், உங்கள் சொந்தப் புகைப்படங்களைக் கொடுங்கள்.

கேள்வி: நீலக்குறிஞ்சி அடுத்து பூக்கும் 2030-ல் வெளியிடலாம் என்று ஒரு கேம் செய்கிறோம். 2024 ஜனவரியிலேயே எல்லோரிடமும் "என் படைப்புகளைக் கேமுக்குத் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதும்தானே?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: போதாது. குறிஞ்சி பூப்பதற்குள் உங்கள் காகிதம் காலாவதியாகிவிடும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கும் சில இயல்பு விதிகள், நாம் எழுதாமல் விட்ட இடத்தில் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு; உங்கள் கணக்கில் 2029 ஜனவரியோடு சரி. நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இணையத்தில் ஏற்றும் கேமோ உலகம் முழுக்கப் போகிறது. பொழுதுபோக்குக் குழுக்களை அதிகம் கவிழ்ப்பது மூன்றாவது விதி: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது விழுந்துவிடும், வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காருகிறவர்கள் ஓராண்டில் எங்கே கேம் முடிப்பது? 30ஏ பிரிவின் வழியாக இவை உரிமங்களுக்கும் பொருந்தும்.

முழு உரிமையையும் மாற்றி எழுதி வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. சம்பளமில்லாமல் உழைப்பவரிடம் அதைக் கேட்பது நியாயமும் இல்லை, அவசியமும் இல்லை. உரிமம் போதும். இப்படி எழுதலாம்:

"இணைப்பில் உள்ள 42 கோப்புகளை இந்தக் கேமிலும் அதன் பிற்பதிப்புகளிலும் விளம்பரத்திலும் பயன்படுத்தவும், மாற்றவும், விற்கவும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், தனியுரிமை அல்லாத (நான் பிறருக்கும் தரக்கூடிய), திரும்பப்பெற முடியாத அனுமதி தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இது முடிவுறாது. பிரதிபலன்: ரூ.100, கேமின் ஒரு பிரதி, பெயர்ப்பட்டியலில் இடம். ராயல்டி இல்லை."

அந்த நூறு ரூபாய் வேடிக்கைக்கு அல்ல. பிரதிபலன், அதாவது பதிலுக்குக் கொடுப்பது எதுவும், இல்லாத வாக்குறுதி, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. "திரும்பப்பெற மாட்டேன்" என்பதும் ஒரு வாக்குறுதிதான். தொகை சிறியது என்பதற்காக ஒப்பந்தம் கெடாது. ஜி-பேயில் அனுப்பினால் பதிவும் இருக்கும்.

யாருக்கு அனுமதி என்பதையும் கவனியுங்கள். "கேம் குழு" என்று சட்டத்தின் கண்ணில் ஒருவர் இல்லை. ஆட்களின் பெயரை எழுதி, "இவர்கள் பிறருக்கும் இதே அனுமதியை வழங்கலாம்" என்று சேருங்கள். இல்லையேல் கேமைப் பின்னால் வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது. புதுக் கோப்புகள் சேரச் சேர இணைப்பையும் புதுப்பித்துக் கையெழுத்து வாங்குங்கள். கோடிங் மட்டும் என்றால் முதல் நாளிலேயே யாரும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எம்ஐடி போன்ற திறந்த உரிமத்தை, கோடு இருக்கும் களஞ்சியத்தில் போட்டுவிடுவது எளிது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் "ஓகே, யூஸ் பண்ணிக்கோங்க" என்றது செல்லுமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: உரிமை மாற்றத்துக்குச் செல்லாது, அதற்குக் கையெழுத்து கட்டாயம். உரிமத்துக்கு, 2012 திருத்தத்துக்குப் பின் எழுத்தில் இருந்தால் போதும். ஆனால் எதை, எவ்வளவு காலம் என்று அந்த "ஓகே"யில் ஒன்றுமில்லையே. மேலே சொன்ன வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். காகிதத்தில் கையெழுத்து கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: இசை அமைப்பவன் என் தம்பியின் நண்பன், பிளஸ் ஒன் படிக்கிறான். அவனே கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது, 1903-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. ஆனால் இசைக்கு உரிமையாளர் அந்தப் பையன்தான். எனவே அப்பாவோ அம்மாவோ காப்பாளராகக் கையெழுத்திடட்டும். பையனுக்குப் பயன் தருவதாகவும் அது இருக்கட்டும். 18 ஆனதும் அவனிடமே புதிய உரிமம் வாங்குங்கள். "அன்று எழுதியதை ஏற்கிறேன்" என்று ஒரு வரி வாங்கினால் பலிக்காது. அதற்கும் தனியாகப் பிரதிபலன் கொடுத்து முழுதாக எழுத வேண்டும்.

கேள்வி: பணம் வந்தால் ஆளுக்குப் பத்து சதவீதம் என்று பேசிவைத்திருக்கிறோம். சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், உதகை

பதில்: எதில் பத்து சதவீதம்? ரூ.200-க்கு விற்றால் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டு ரூ.140 மிஞ்சும், அதிலும் வரி, செலவு போகும். பத்து சதவீதம் என்பது 20 ரூபாயா, 14 ரூபாயா, அதற்கும் கீழா? "கடை பிடித்தம், வரி, பட்டியலிட்ட செலவு போகக் கையில் வந்த தொகையில்" என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு, மொத்தம் ரூ.10,000 தாண்டினால்தான் பங்கு என்று வையுங்கள். இல்லாவிட்டால் நாற்பது ரூபாய்க்குப் பேரேடு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று: லாபத்தைப் பங்கிட்டுச் சேர்ந்து தொழில் நடத்தினால், பத்திரம் இல்லாமலேயே அது கூட்டு வணிகம் ஆகிவிடலாம். 1932 கூட்டு வணிகச் சட்டப்படி ஒருவர் தொழிலுக்காக வைத்த கடனுக்கு மற்ற பங்குதாரர்களும் பொறுப்பு. லாபத்தில் பங்கு வாங்குவதால் மட்டும் ஒருவர் பங்குதாரர் ஆவதில்லை. ஆனாலும் "இது கூட்டு வணிகம் அல்ல, முடிவும் செலவும் இன்னாருடையது" என்று எழுதி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். காகிதம் ஒன்று, நடப்பு வேறு என்றால் நீதிமன்றம் நடப்பைத்தான் பார்க்கும்.

கேள்வி: உதவிக்கு வந்தவர் கொடுத்த பறவை ஒலிகள் இணையத்தில் "இலவசமாக" எடுத்தவையாம். வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, பண்ணைக்காடு

பதில்: ஒவ்வொன்றுக்கும் மூலப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் "என்சி" என்று இருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. கேமில் விளம்பரம் ஓடவிட்டாலே சிக்கல்தான். "பிஒய்" என்றால் பதிவு செய்தவர் பெயர் போட வேண்டும். "சிசி ஜீரோ" என்றால் தடையில்லை. மூலம் தெரியாததைத் தூக்கிவிட்டு, விடியற்காலையில் போனை எடுத்துக்கொண்டு சோலைப் பக்கம் போய் நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள்.