சர்வீஸுக்கு விட்ட காரை அவர்களே இடித்துவிட்டு, "இன்சூரன்ஸில் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். கேள்வியில் நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆனாலும் க்ளெய்ம் படிவம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் என்றும், "உங்க கைய விட்டு ஒரு ரூபா போகாது சார்" என்று யாரோ ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார் என்றும் ஊகிக்கிறேன். தருமபுரியில் எனக்கு நேர்ந்ததும் அதுவே.

வழக்கமான சர்வீஸுக்காகவும், பிரேக் பிடிக்கும்போது வந்த கீச்சொலியைப் பார்ப்பதற்காகவும் நகரத்திலுள்ள ஒரு சர்வீஸ் சென்டரில் காலையில் காரை விட்டுவிட்டு வேலைக்குச் சென்றிருந்தேன். மதிய உணவு வேளையில், பாளையம்புதூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பிறகு, கார் திரும்பி வந்ததற்கும் ஒன்று வந்தது. பிரேக்கைச் சோதிக்கச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அதற்கு எந்த உரிமையாளரும் மறுப்புச் சொல்வதில்லை. ஆனால் சேலம் சாலையில் சுங்கச்சாவடியைத் தாண்டித் தொப்பூர் கணவாயை நோக்கி என் கார் எதற்காகப் போக வேண்டும்? தொலைபேசியில் கேட்டபோது சர்வீஸ் அட்வைசர், "டிரையல்தான் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். மாலையில் அவரே அழைத்து, வாட்டர் வாஷ் முடியவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார். நான் அப்போதே புறப்பட்டுச் சென்றேன்.

முன் பம்பரின் இடப்பக்கம் பிளந்திருந்தது. ஹெட்லைட் அதன் பிடிமானம் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. அதையடுத்த ஃபெண்டர் உள்வாங்கியிருந்தது. தொப்பூர் அருகே பழுதாகி நின்ற வேறொரு வாடிக்கையாளரின் வண்டிக்கு ஸ்பேர் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, வேலை முடிந்து வெளியே நின்ற என் காரில் ஒரு பையனை அனுப்பியிருக்கிறார்கள் என்பதும், திரும்பும் வழியில் அவன் சாலையோரத் தடுப்பில் மோதிவிட்டான் என்பதும் நீண்ட நேரக் கேள்விகளுக்குப் பிறகே வெளிவந்தன. மேலாளர் நீட்டிய படிவத்தில், வாகனத்தை ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயர் எழுதப்பட்டு, ஓட்டுநர் உரிம எண்ணுக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. குறுக்கே வந்த நாய்க்காக வண்டியை ஒடித்தபோது தடுப்பில் மோதியதாக விபத்தின் விவரமும் எழுதப்பட்டிருந்தது. தருமபுரியில் நாய்களுக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று அந்தக் காருக்குக் குறுக்கே ஒரு நாய் வந்திருந்தாலும், அதைப் பார்க்க நான் காரில் இருக்கவில்லை.

"ஒரு ரூபா போகாது" என்பது எவ்வளவு பொய் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். க்ளெய்ம் எடுக்காதவர்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தில், தரப்படும் தள்ளுபடியே நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதம், பின்னர் 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் 50 சதவீதம் என்று அது படிப்படியாக ஏறுகிறது. ஒரே ஒரு க்ளெய்ம் வந்தால், அதற்கென்று தனிப் பாதுகாப்பை வாங்கியிராதவர்களுக்கு, அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யம். காரின் சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும், அது மாறாது என்றும் வைத்துக்கொண்டால், 50 சதவீதத்தில் இருப்பவர் ஐந்து ஆண்டுகளில் 25,000 ரூபாய் கட்டுவார்; க்ளெய்ம் எடுத்தவர் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என மொத்தம் 37,500 கட்டுவார். இடையிலுள்ள 12,500 ரூபாய், இடித்தவர்களுக்காக நீங்கள் தவணை முறையில் செலுத்தும் அபராதம். இதோடு, ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்தே கட்ட வேண்டிய கட்டாயக் கழிவுத் தொகை ஒன்றும் உண்டு. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி இல்லாதவர்களுக்கு, பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதி தேய்மானமாகவும் கழிக்கப்படும். எனக்கு அப்போது 45 சதவீதம் சேர்ந்திருந்தது, அடுத்த புதுப்பித்தலில் 50 கிடைக்க வேண்டியது.

படிவத்தில் என் பெயரை எழுதியதற்குச் சோம்பல் காரணமல்ல என்றே கருதுகிறேன். உங்கள் பாலிசியில் பயன்பாட்டு வரம்புகள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு விடுதல், பந்தயம் ஆகியவற்றோடு மோட்டார் தொழில் தொடர்பான பயன்பாடும் காப்பீட்டில் அடங்காது என்று பொதுவாக எழுதப்பட்டிருக்கும். ஒர்க்ஷாப் ஊழியர் ஒருவர் ஒர்க்ஷாப்பின் வேலையாக ஓட்டிச் சென்றார் என்று உண்மையை எழுதினால், அந்த வரியைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பலாம். உரிமையாளரே ஓட்டினார் என்றால் கேள்வி எழாது, ஆனால் பொய்யான தகவலைத் தந்தவர் என்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். பணத்தைவிட என்னை அதிகம் அச்சுறுத்தியது வேறொன்று: அந்தப் பையன் தடுப்பில் மோதுவதற்கு முன் ஒரு இரு சக்கர வாகனத்தை உரசிவிட்டு நிற்காமல் வந்திருந்தால், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் காரை ஓட்டியவன் நானே என்பதற்கு என் கையெழுத்தே சான்றாகியிருக்கும். தொப்பூர் கணவாயில் எவ்வளவு விபத்துகள் நடக்கின்றன என்பதை இந்தப் பகுதியினருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் மறுத்ததும் அந்தப் பையனை அழைத்து வந்து என் முன் நிறுத்தினார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த, இருபது வயதுகூடத் தோன்றாத பிள்ளை அவன். "சம்பளத்துல புடிச்சிருவாங்க சார்" என்று கண் கலங்கினான். இதுதான் அந்த மாலையில் எனக்கு மிகவும் கசந்த காட்சி. ஸ்பேரைக் கொடுத்து, சாவியைக் கொடுத்து அனுப்பியவர் குளிரூட்டிய அறையில் இருக்க, தண்டனையைச் சுமக்க இவனை முன்னே தள்ளி, என் இரக்கத்தைக் கொண்டே என் உரிமையை விட்டுத்தரச் செய்யப் பார்த்தார்கள். அவன் சம்பளத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, ஆனால் அவனை அனுப்பியது உங்கள் நிறுவனம்தானே, பொறுப்பும் நிறுவனத்துடையதே என்று மேலாளரிடம் சொன்னேன். ஏழைப் பையனின் பிழைப்பைப் பார்க்காமல் சட்டம் பேசினேன் என்று இதைப் படிக்கும் சிலர் சொல்லக்கூடும்; அவர்கள் அந்தக் கேள்வியை மேலாளரிடம் கேட்பதே முறை.

சட்டம் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகவும், வியப்பளிக்கும் அளவுக்குப் பழையதாகவும் இருக்கிறது. ஒரு வேலைக்காகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போன்ற கவனத்துடன் காக்க வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்படைத்த நோக்கத்துக்கு மாறாக அதைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டின்போது ஏற்படும் சேதத்துக்கு அவரே ஈடு செய்ய வேண்டும் என்கிறது 154ஆம் பிரிவு. காரை விடும்போது அவர்கள் தரும் வேலைச் சீட்டான ஜாப் கார்டின் பின்புறம், சோதனை ஓட்டம் உரிமையாளரின் பொறுப்பில் நடைபெறும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை மேலாளர் காட்டினார். ஸ்பேர் கொண்டுசெல்வது சோதனை ஓட்டமா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அதே சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி, செய்த வேலைக்கான கூலி கிடைக்கும்வரை காரை நிறுத்திவைக்கும் உரிமை ஒர்க்ஷாப்புக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆகையால் கோபத்தில் சர்வீஸ் பில்லைக் கட்ட மறுக்காதீர்கள். ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று பில்லின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டுச் செலுத்துங்கள்.

நான் அங்கேயே நின்று சேதத்தைப் படம் எடுத்தேன். காரை விட்டபோது ஜாப் கார்டில் குறித்திருந்த கிலோமீட்டர் எண்ணையும், மாலையில் மீட்டர் காட்டிய எண்ணையும் சேர்த்துப் படம் எடுத்தேன். சுங்கச்சாவடிக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டேன். "கார் எங்கள் வசம் இருந்தபோது சேதமடைந்தது" என்ற ஒரே வரியை நிறுவனத்தின் தாளில் முத்திரையுடன் கேட்டபோதுதான் உண்மையான இழுபறி தொடங்கியது. வாய்மொழியாக எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தவர்கள், அந்த ஒரு வரியை எழுத மட்டும் மறுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நடந்தவை அனைத்தையும் எழுதி, கார் உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சலாகவும், சர்வீஸ் சென்டருக்கு விரைவுத் தபாலாகவும் அனுப்பினேன். "நாளைக்கும் அவங்க மூஞ்சியிலதான முழிக்கணும், விடுங்க மாப்ள" என்றார் என் மாமனார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் கார்களுக்கு வேறு சர்வீஸ் சென்டர் கிடையாது. ஆனாலும் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு, சர்வீஸ் சென்டரின் குரல் மாறிவிட்டது.

பம்பரையும் ஹெட்லைட்டையும் அவர்கள் செலவிலேயே புதிதாக மாற்றினார்கள். ஃபெண்டரை மாற்றாமல் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெயிலில் அதன் நிறம் சற்று வேறாகத் தெரிகிறது, அதற்கு மேல் நான் போராடவில்லை. கார் இல்லாத நாள்களுக்கான வாடகைக் காரின் செலவை அவர்கள் தரவில்லை. தங்கள் வசமுள்ள வாகனங்களுக்காக ஒர்க்ஷாப்புகள் எடுத்துக்கொள்ளத் தனிக் காப்பீடு இருக்கிறது. அது அவர்களிடம் இருந்ததா என்பது எனக்குத் தேவையற்றது, உங்களுக்கும் தேவையற்றது.

உங்கள் ஒர்க்ஷாப்காரர்கள் இவ்வளவு தூரம் இறங்கி வராவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, ஒர்க்ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். ஓசூரில் காரை விட்ட தருமபுரிக்காரர் அதற்காகக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஒர்க்ஷாப்புக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். எல்லா ஒர்க்ஷாப்காரர்களும் இப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தகரக் கொட்டகையில் கடை வைத்திருக்கும் என் பைக் மெக்கானிக், தன் கை தவறி டேங்கில் விழுந்த ஒரு கீறலை நான் பார்ப்பதற்கு முன்பே காட்டி, அதற்கான பணத்தைக் கழித்துக்கொண்டார்.

ஒருவேளை அந்தப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள்: படிவத்தில் உள்ள ஓட்டுநர் விவரமும் விபத்து விவரமும் சரியல்ல, கார் ஒர்க்ஷாப்பின் வசம் இருந்தபோது சேதமடைந்தது, ஆகவே க்ளெய்மைத் திரும்பப் பெறுகிறேன். ஒர்க்ஷாப்காரர்கள் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதில் வரும்வரை பழுது பார்த்தது திருப்தி என்று எழுதித் தரும் சாட்டிஸ்ஃபாக்ஷன் நோட் உட்பட வேறு எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.