கார் கதவில் காய்ந்துபோன சாலைக்கோடு

கேள்வி: ஈசூனில் எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தில் புதிதாக வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். கவனிக்காமல் அதன்மேல் ஓட்டிவிட்டேன். முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பகுதி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மூன்று வாரமாகக் கழுவியும் போகவில்லை. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

தின்னர் மட்டும் வேண்டாம் சார். எது கோட்டுப் பெயிண்ட், எது கார் பெயிண்ட் என்று அதற்குத் தெரியாது. காருக்குப் பளபளப்பு தரும் கிளியர்கோட் தலைமுடியைவிடச் சன்னமானது. அது மங்கினால் அந்தக் கதவுக்கே மறுபெயிண்ட் அடிக்க வேண்டிவரும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. இரவில் ஹெட்லைட் பட்டால் கோடு மின்னுகிறதே, அதற்காகப் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். கார் நிறுத்துமிடக் கோட்டில் இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறது என்று நினைத்தே வேலை செய்யுங்கள். அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்துவிட்டு என்னிடம் வந்த ஒருவருக்குப் புள்ளிகள் போயிருந்தன. கதவின் பளபளப்பும் சேர்ந்து போயிருந்தது.

அதனால் தேய்க்காதீர்கள், ஊறவிடுங்கள். வெயிலில் சுட்ட தகட்டில் எதையும் பூசக்கூடாது. மாலையில், நிழலில் தொடங்குங்கள். மண் போகக் கழுவித் துடைத்துவிட்டு, புள்ளிகள்மேல் வாசலினைத் தடிப்பாக அப்புங்கள். செங்குத்தான கதவில் வழியாமலும் காயாமலும் நிற்கும் என்பதுதான் அதன் சிறப்பு. இரவு முழுக்க இருக்கட்டும். காலையில் பழைய ஈசி-லிங்க் பயண அட்டையை மைக்ரோஃபைபர் துணியில் சுற்றி, விளிம்பால் மெல்ல நெம்புங்கள். வராத புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். மறுபடி பூசிவிட்டு அடுத்த நாள் பாருங்கள். மூன்று வாரம் காய்ந்தது ஒரே இரவில் வந்தால் அதிர்ஷ்டம்தான்.

அதற்கும் அசையாவிட்டால் டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்ப்ரே தெளித்த துணியைப் புள்ளிமேல் கால் மணி நேரம் ஒட்டிவையுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கதவு ஏற்கெனவே மறுபெயிண்ட் ஆனதென்றால். டபிள்யூடி-40ஐ சக்கரத்துப் பக்கம் தெளிக்கவே கூடாது. பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

மிச்சமிருக்கும் சொரசொரப்புக்குக் கிளே பார், அதாவது பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி. வழுக்கும் திரவம் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். கீழே விழுந்த துண்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள், மண் ஒட்டியிருக்கும். அப்புறம் கார் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, வாக்ஸ் பூசிவிடுங்கள். இந்த வேலையில் அங்கே இருந்த வாக்ஸும் போயிருக்கும்.

பெரிய சாலையில் ஒட்டியது மெழுகுக் கட்டிபோலத் தடிப்பாக இருக்கும். அது சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் போடுகிற பிளாஸ்டிக். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் இளகும். உங்களுடையது தட்டையான புள்ளி என்பதால் அது தேவைப்படாது.

டயரில் இருப்பது ஓட ஓடத் தேய்ந்துவிடும். சக்கரத்துக்கு மேலே உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் தெறித்திருப்பதை நான் தொடவே மாட்டேன். குனிந்து எட்டிப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.